வாய் கொப்பளித்தோம், வாயைப் பார்த்தோமா?

 

ஒரு முஸ்லிம் ஐவேளைத் தொழுகைக்கும் தனித்தனியே உளூச் செய்தால், ஒரு நாளில் 15 முறை வாய் கொப்பளிக்கிறான். மக்களுக்குச் சிரமமாகிவிடும் என்ற அச்சம் இல்லாதிருந்தால் ஒவ்வொரு தொழுகையின்போதும் மிஸ்வாக் செய்யும்படி கட்டளையிட்டிருப்பேன் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் வருகிறது. மிஸ்வாக் குச்சியைப் பிடிக்கும் முறை, எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது, எத்தனை முறை கொப்பளிப்பது என்பதையெல்லாம் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வருகிறோம். ஆனால் வாயைத் திறந்து பார்க்க நாம் யாருக்கும் கற்பிக்கவில்லை. நாமும் கற்றிருக்கவில்லை. அந்தப் பாடத்தை நம் உம்மாவின் வாயிலிருந்துதான் கற்றோம். கற்றபோது காலம் கடந்திருந்தது.

வேறெந்த வீட்டிலும் அந்தக் காலம் கடந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதனை எழுதுகிறோம்.

ஜீமும் ஷீனும்

தக்கலைக்கு அருகே ஓர் ஊரில் காலையும் மாலையும் மதரஸாவில் ஓதிக்கொடுப்பது நமது பணி. அதிலும் தஜ்வீதுப் பாடமே பெரும்பகுதி. எழுத்துகள் பிறக்கும் இடங்களை மக்ரஜ் என்கிறோம். இமாம்களின் கணக்கில் அவை 17. தொண்டையின் அடியிலிருந்து உதட்டின் விளிம்புவரை ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஓர் எழுத்து உண்டு. நாவின் நடுப்பகுதி மேலண்ணத்தின் நடுப்பகுதியை நாடும்போது ஜீமும் ஷீனும் யாவும் பிறக்கின்றன. நாவின் ஓரம் மேல் கடைவாய்ப் பற்களைத் தொடும்போது ளாத் பிறக்கிறது. மேல் முன்பற்களின் ஈற்றை நாநுனி தொடும்போது லாமும் நூனும் பிறக்கின்றன. மனித வாயை இவ்வளவு நுணுக்கமாக அறிந்த நாமே நம் உம்மாவின் வாயை அறியாமல் இருந்தோம்.

ஹிஜ்ரி 1443, ரமளான் மாதம். ஆங்கிலக் கணக்கில் 2022 ஏப்ரல். ஸுபுஹு தொழுதபின் உம்மா யாஸீன் ஓதுவது வழக்கம். அடுத்த அறையில் இருந்தவாறே அதைக் கேட்டுக்கொண்டிருப்போம். அந்த ரமளானில் உம்மாவின் ஓதலில் ஏதோ ஒன்று மாறியிருந்தது. ஷீன் சிதறியது. ஜீம் மழுங்கியது. காதுக்குத் தெரிந்தது, கருத்துக்கு எட்டவில்லை. 68 வயதான தாய்க்கு மக்ரஜைத் திருத்துவது அதபு அல்ல என்று எண்ணி வாய் மூடியிருந்தோம். திருத்த வேண்டாம், “ஏன் உம்மா இப்படி?” என்று கேட்டிருக்கலாம். அந்த ஒரு கேள்வியை இன்றுவரை நமக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

உம்மா மேல்வரிசைக்குப் பல்செட்டு வைத்திருந்தார்கள். நோன்பின் பாதியில் அதைக் கழற்றி வைத்துவிட்டு நோன்புக் கஞ்சியை மட்டும் குடிக்கத் தொடங்கினார்கள். “பல்செட்டு சரியா உக்காரல்ல மோனே. கொஞ்சம் தண்ணி ஓதித் தா” என்றார்கள். ஊரில் பலரும் நம்மிடம் தண்ணீர் ஓதி வாங்கிச் செல்வதுண்டு. உம்மாவுக்கும் ஃபாத்திஹா ஓதி ஊதிக் கொடுத்தோம். ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ், அதில் ஐயமில்லை. ஆனால் ஓதிக் கொடுத்த அந்தக் கையால் பல்செட்டை விலக்கி ஒருமுறை பார்க்க நமக்குத் தோன்றவில்லை. ஐந்து வாரங்கள் அவ்வாறே கழிந்தன.

பெருநாள் கழிந்தபின் ஒரு பல் மருத்துவகத்துக்கு அழைத்துச் சென்றோம். பல்செட்டு உரசுகிறது என்று சொல்லி அதைத் தேய்த்துச் சரிசெய்து, பூசுவதற்குக் களிம்பு கொடுத்தார்கள். மேலண்ணத்தில் கருமை தெரிந்ததா என்று நாம் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. உம்மாவுக்கு முறுக்கான் போடும் பழக்கம் பல்லாண்டுகளாக உண்டு. வெற்றிலைச் செல்லமும் கோளாம்பியும் நம் வீட்டுத் திண்ணையில் வாப்பா காலத்திலிருந்தே இருப்பவை. வாயில் எந்தக் கறை தெரிந்தாலும் ‘முறுக்கான் கறை’ என்று கடந்துபோவது எல்லோருக்கும் எளிதாக இருந்தது.

கடைசியில் கண்டது ஒரு குழந்தை. ஆகஸ்ட் மாதக் கடைசியில் நம் இளைய மகள், அப்போது ஒன்பது வயது, கைபேசி விளக்கை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். வாப்பும்மாவின் மடியில் படுத்து, மேல்நோக்கி வெளிச்சத்தைப் பாய்ச்சியவள் எழுந்து ஓடிவந்து, “வாப்பா, வாப்பும்மா வாயிலே மை கொட்டினது மாதிரி இருக்கு” என்றாள். சென்று பார்த்தோம். மேலண்ணத்தின் நடுவிலிருந்து இடப்பக்கமாக, ஒரு ரூபாய் நாணயத்தினும் பெரிய கருந்திட்டு. ஓரங்கள் ஒழுங்கற்றுப் பரவியிருந்தன. ஓரிடத்தில் கறுப்பு, ஓரிடத்தில் பழுப்பு, நடுவில் சிறு மேடு. ஜீமும் ஷீனும் பிறக்கும் இடம் அதுவேதான். உம்மாவுக்கு அங்கே வலியே இல்லை.

கறுப்பு எல்லாம் நோய் அல்ல

நாகர்கோவிலில் ஒரு பெண் பல் மருத்துவரிடம் காட்டினோம். அவர் விளக்கை வைத்துப் பார்த்தார், கழுத்தின் இருபுறமும் தடவிப் பார்த்தார், அதிகம் பேசவில்லை. சிறு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். “கத்தி பட்டால் நோய் பரவிவிடும்” என்று உறவினர் சிலர் தடுத்தனர். நம் ஊர்களில் நெடுநாளாக நிலவும் அச்சம் அது. உரிய மருத்துவர் முறைப்படி எடுக்கும் திசுச் சோதனையால் நோய் பரவுவதில்லை என்பதையும், அச்சோதனை இல்லாமல் இந்நோயை எவராலும் உறுதிசெய்ய இயலாது என்பதையும் அம்மருத்துவர் பொறுமையாக விளக்கினார். எடுத்த துண்டைச் சிறப்புச் சாயங்களிட்டுச் சோதித்தபின் அறிக்கை வந்தது. மெலனோமா.

மெலனின் என்பது நம் தோலுக்கும் முடிக்கும் கண்ணுக்கும் நிறம் தரும் பொருள். அதை உண்டாக்கும் உயிரணுக்கள் வாயின் உட்புறத்திலும் இருக்கின்றன. அவை கட்டுமீறிப் பெருகுவதே மெலனோமா. தோலில் வரும் மெலனோமாவுக்கு வெயிலின் புறஊதாக் கதிர் பெருங்காரணம். வாய்க்குள் வெயில் படுவதில்லை; அங்கே இது ஏன் வருகிறது என்பதற்கு உறுதியான காரணம் இன்னும் கண்டறியப்படவில்லை. மிக அரிய நோய் இது. எல்லா மெலனோமாக்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் வாயில் தோன்றுபவை நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பெரும்பாலும் 40 வயதைக் கடந்தோருக்கு வருகிறது. மேலண்ணமும் மேல் ஈறுமே அது விரும்பும் இடங்கள். பல்செட்டு மூடியிருக்கும் இடமும் அதுவே.

இதைப் படித்ததும் கண்ணாடி முன் ஓடி, ஈறு கறுத்திருக்கிறதே என்று யாரும் கலங்க வேண்டாம். நம் நாட்டு மக்களுக்கு ஈறும் கன்னத்தின் உட்புறமும் கறுத்திருப்பது இயல்பு. அந்தக் கறுப்பு இளமையிலிருந்தே இருக்கும், இருபுறமும் ஏறத்தாழ ஒரேமாதிரி இருக்கும், தடிக்காது, மாறாது. பல்லில் வெள்ளி நிற அடைப்பு வைத்திருந்தால் அதன் துகள் ஈற்றில் படிந்து நீலக்கறுப்பாகத் தெரிவதுண்டு. பீடி, சிகரெட் புகைப்போருக்கு ஈறு கறுப்பதுண்டு. சில மருந்துகளாலும், அட்ரீனல் சுரப்பிக் குறைபாட்டாலும்கூட வாயில் கருமை தோன்றலாம்.

அஞ்ச வேண்டியவை வேறு. முன்பு இல்லாத இடத்தில் புதிதாகத் தோன்றும் கறுப்பு, ஒருபுறம் மட்டும் இருப்பது, ஓரம் ஒழுங்கற்றிருப்பது, ஒரே திட்டில் கறுப்பு, பழுப்பு, நீலம், சிவப்பு எனப் பல நிறங்கள் கலந்திருப்பது, வாரந்தோறும் வளர்வது, மேடாவது, தொட்டால் இரத்தம் கசிவது. பல்செட்டு திடீரெனப் பொருந்தாமல் போவதும், காரணமின்றிப் பல் ஆடுவதும், பேச்சொலி மாறுவதும், கழுத்தில் நெறி கட்டி நிற்பதும் அடையாளங்களே. சில மெலனோமாக்கள் நிறமே இல்லாமல் செந்நிறக் கட்டியாக வருவதும் உண்டு. வலி இல்லை என்பது ஆறுதலுக்குரிய செய்தி அல்ல. இந்நோய் முற்றும்வரை வலிப்பதில்லை என்பதே இதன் வஞ்சகம்.

ஆகவே, இத்தகைய திட்டும், இரு வாரங்களாகியும் ஆறாத எந்தப் புண்ணும் மருத்துவரிடம் காட்டப்பட வேண்டும். அதைச் சுரண்டுவதோ, சுட்டுக் கரிப்பதோ, பச்சிலை வைத்துக் கட்டுவதோ, அழகுக்காக லேசர் வைத்து ஈற்றை வெளுப்பதோ, சோதனை செய்யாமல் கூடவே கூடாது.

நம் மண்ணின் பழைய துயரம்

உம்மாவுக்கு வந்த நோய் அரியது. ஆனால் வாய்ப்புற்று நம் மாவட்டத்துக்குப் புதியதன்று. தக்கலையிலிருந்து சிறிது தொலைவிலுள்ள நெய்யூரில் 1838ஆம் ஆண்டில் லண்டன் மிஷனரி சங்கத்தார் மருத்துவப் பணி தொடங்கினர். அன்று இப்பகுதி தென்திருவிதாங்கூர். அங்கே பணியாற்றிய பென்டல் என்ற மருத்துவர், திருவிதாங்கூரில் கண்ட 1,700 புற்றுநோயாளர்களைப் பற்றிய தொகுப்பை 1908இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார். அதே ஆண்டில் ஃபெல்ஸ் என்ற மருத்துவர், வாய்ப்புற்றுக்குச் செய்யப்பட்ட 209 அறுவைகளை ஆராய்ந்து எழுதினார். 1933இல் ஓர் என்பவர் திருவிதாங்கூரில் வெற்றிலை பாக்கு மெல்லுவோரின் வாய்ப்புற்றைப் பற்றி லான்செட் இதழில் எழுதினார். 1922, 1924 ஆகிய ஆண்டுகளில் எவரெஸ்ட் மலையேறச் சென்ற குழுக்களில் இடம்பெற்ற அறுவை மருத்துவர் சாமர்வெல், அந்த மலையை விட்டு நெய்யூருக்கு வந்து இம்மக்களுக்கு அறுவை செய்வதில் பல்லாண்டுகளைச் செலவிட்டார்.

அதாவது நூறாண்டுகளுக்கு முன்பே நம் பாட்டன்மாரின் வாய்கள் உலக மருத்துவ இதழ்களில் பேசப்பட்டன. நம் வீட்டுத் திண்ணைகளில் மட்டும் பேசப்படவில்லை.

உம்மாவின் நோய் முறுக்கானால் வந்தது என்று மருத்துவர்கள் சொல்லவில்லை. வாய் மெலனோமாவுக்கும் வெற்றிலை பாக்குக்கும் அத்தகைய தொடர்பு நிறுவப்படவில்லை. ஆயினும் பார்க்க வந்தோர் பலரும் “முறுக்கான் போட்டதால் வந்தது” என்றே சொல்லிச் சென்றனர். நோயுற்றவரை நலம் விசாரிப்பது ஸுன்னத். நோய்க்குக் காரணம் கற்பித்து நோகடிப்பது ஸுன்னத் அன்று. உம்மா ஒரு நாள், “நான் செஞ்சதுக்குத்தான் அல்லாஹ் தந்தானா மோனே?” என்று கேட்டார்கள். இல்லை உம்மா என்று சொல்ல நமக்கு அரைநாள் ஆயிற்று. குரல் எழவில்லை.

ஆனால் அதை வைத்து முறுக்கானுக்கு நற்சான்று கொடுத்துவிடவும் முடியாது. நம்மிடையே பரவலாக வரும் வாய்ப்புற்று வேறுவகை. அது உள்வாயை மூடியிருக்கும் மேற்சவ்வில் தோன்றுவது. அதற்குப் புகையிலையும் பாக்கும் நேர்க்காரணங்கள். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும், ஏன், பாக்கு மட்டுமேகூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையில் உறுதிசெய்துள்ளது. கல்யாண வீட்டில் தாம்பூலத் தட்டை நீட்டும் நாம் இதை அறிந்திருக்க வேண்டும். கடைகளில் சரம்சரமாகத் தொங்கும் பாக்குப் பொட்டலங்களைப் பிள்ளைகள் வாங்குவதை மதரஸா வாசலிலேயே கண்டிருக்கிறோம்.

அல்லாஹ் எந்த நோயையும் அதற்குரிய மருந்தின்றி இறக்கவில்லை. ஆதலால் மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்ற பொருளில் நபிமொழிகள் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்பைச் சாட்டுமாறு ஒருவருக்கு அவர்கள் அறிவுறுத்தியதாக திர்மிதியில் வருவதை ஜும்ஆ உரைகளில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். ஓதித் தண்ணீர் கொடுத்த அந்த ஐந்து வாரங்களில் ஒட்டகத்தைக் கட்டாமலே தவக்குல் வைத்தவர் நாமே.

திருவனந்தபுரத்துப் பயணங்கள்

மேல் சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள மண்டலப் புற்றுநோய் மையத்துக்குச் சென்றோம். 1981இல் நிறுவப்பட்ட அம்மையத்தின் நடைகளில் கன்னியாகுமரித் தமிழை எந்நேரமும் கேட்கலாம். அங்கே முதல் நாள் உம்மா ஆண் மருத்துவர் முன் வாய் திறக்கத் தயங்கினார்கள். தேவையின் நிர்ப்பந்தம் தடுக்கப்பட்டதை ஆகுமாக்கும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி என்பதை எடுத்துச் சொன்னோம். நபி (ஸல்) அவர்களின் காலத்தில் போர்க்களத்தில் காயமுற்ற ஆண்களுக்குப் பெண்கள் மருந்திட்டதை ருபய்யிஃ (ரலி) அவர்கள் அறிவித்திருப்பதை நினைவூட்டினோம். அதன்பின் உம்மா முகத்திரையை விலக்கினார்கள்.

ஸ்கேன்கள் எடுக்கப்பட்டன. கழுத்து நெறிகளுக்கும் நுரையீரலுக்கும் ஈரலுக்கும் நோய் சென்றிருக்கிறதா என்று பார்த்தனர். ஒரு செய்தி நம்மைத் திடுக்கிடச் செய்தது. மற்றப் புற்றுநோய்களில் கட்டியின் அளவை முதற்படி, இரண்டாம் படி என்று வகுப்பார்கள். வாய் மெலனோமாவுக்கு அந்த முதல் இரண்டு படிகளே இல்லை. எவ்வளவு சிறியதாயினும் மூன்றாம் படியிலிருந்தே கணக்குத் தொடங்குகிறது. அவ்வளவு கொடியது. நோய் கண்டு ஐந்தாண்டு கடப்போர் நால்வரில் ஒருவர் அளவே என்று மருத்துவர் மறைக்காமல் சொன்னார். உம்மாவுக்கும் தெரியவேண்டும் என்று நாம் கேட்டுக்கொண்டதால், அவர்களுக்குப் புரியும் மொழியிலும் சொன்னார்.

முதன்மையான சிகிச்சை அறுவை. கட்டியையும் அதைச் சுற்றி நோயற்ற பகுதியில் ஓர் ஓரத்தையும் சேர்த்து அகற்ற வேண்டும். 2022 அக்டோபரில் உம்மாவின் மேல்தாடையில் ஒரு பகுதியும், இடக் கழுத்தின் நெறிகளும் அகற்றப்பட்டன. வாய்க்கும் மூக்குக்கும் இடையே ஒரு வாசல் திறந்துவிட்டது. குடித்த நீர் மூக்கு வழியாக வந்தது. பேசினால் எல்லா எழுத்தும் மூக்கிலிருந்து வந்தது. குன்னா என்னும் மூக்கொலி நூனுக்கும் மீமுக்கும் உரியது என்று பாடம் நடத்துகிறவர் நாம். நம் உம்மாவின் வாயில் இருபத்தெட்டு எழுத்தும் குன்னாவாகிவிட்டன.

பின்னர் அந்த வாசலை மூடும் தகடு ஒன்றைப் பல்செட்டோடு சேர்த்துச் செய்து கொடுத்தார்கள். அதை வைத்தவுடன் நீர் மூக்குக்கு ஏறுவது நின்றது. சொற்களும் ஓரளவு தெளிந்தன. ஒவ்வோர் உணவுக்குப் பின்னும் அதைக் கழற்றிக் கழுவ வேண்டும். கழுவும் பணியை நம் மனைவியார் ஏற்றுக்கொண்டார்கள்.

அடுத்து ஏறத்தாழ ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், கதிர்வீச்சு. தலை அசையாதிருக்க முகத்துக்கு அளவெடுத்துச் செய்த வலைமுகமூடியை மேசையோடு பிணைப்பார்கள். சில நிமிடங்களே ஆகும், வலி இல்லை. ஆனால் வாரங்கள் செல்லச்செல்ல உமிழ்நீர் வற்றி, வாய் புண்ணாகி, உணவின் சுவை மறைந்தது. அக்காலத்தில் வாய் கொப்பளிக்க இயலாமை உம்மாவை வருத்தியது. உளூவில் கொப்பளிப்பது ஸுன்னத்தே. விடுபட்டாலும் உளூ நிறைவேறும் என்று விளக்கினோம். ஹனஃபி மத்ஹபில் கடமையான குளிப்பில் அது ஃபர்ளு என்றாலும், தீங்கு நேரும் நிலையில் நோயாளிக்குச் சலுகை உண்டு. இத்தகைய ஐயங்களை நோயாளிகள் தாமாகக் கேட்பதில்லை. ஆலிம்களே சென்று சொல்ல வேண்டும்.

நோய் எதிர்ப்பாற்றலைத் தட்டியெழுப்பும் புதிய மருந்துகளைப் பற்றியும் மருத்துவர்கள் கூறினர். நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் என்பன அவற்றின் பெயர்கள். உடலின் காவலணுக்களைக் கட்டிவைத்திருக்கும் தடையை நீக்கி, புற்றணுக்களை அவையே தாக்கும்படி செய்பவை அவை. அந்த வழியைக் கண்டறிந்ததற்காக ஜேம்ஸ் ஆலிசன், தசுகு ஹோஞ்சோ ஆகிய இருவருக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. தோல் மெலனோமாவில் இம்மருந்துகள் பலரின் ஆயுளை நீட்டியுள்ளன. வாய் போன்ற உட்சவ்வுகளில் வரும் மெலனோமாவில் பயன் அதைவிடக் குறைவு. புற்றணுவின் மரபணுவைச் சோதித்து, கிட் என்னும் மரபணுவில் மாற்றம் காணப்படும் சிலருக்கு அதற்குரிய மாத்திரையும் உண்டு. உம்மாவுக்கு அம்மாற்றம் இல்லை. ஊசி மருந்தின் விலை நம் சம்பளத்துக்கு எட்டாதது. காப்பீட்டிலும், உறவினர் உதவியிலும், ஜமாஅத்தார் திரட்டித் தந்ததிலும் சில தவணைகள் செலுத்தினோம். தகுதியுள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி மருத்துவமனையில் தொடக்கத்திலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும். பணம் தீர்ந்தபின் விசாரித்தவர் நாம்.

2023 ரமளானில் உம்மா மீண்டும் யாஸீன் ஓதினார்கள். எழுத்துகள் தடுமாறின. குர்ஆனைத் திக்கித்திணறிச் சிரமத்தோடு ஓதுபவருக்கு இரு கூலிகள் உண்டு என்ற நபிமொழியைப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் சொல்லியிருக்கிறோம். அதன் பொருள் அந்த ஸுபுஹு வேளைகளில்தான் நமக்கு விளங்கிற்று.

ஆண்டின் இறுதியில் நுரையீரலில் புள்ளிகள் தென்பட்டன. இனி ஊசி வேண்டாம், வீட்டிலிருந்தால் போதும் என்று உம்மாவே தீர்மானித்தார்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் செவிலியர் வீட்டுக்கு வந்து பார்த்தார். வலிக்கு மார்ஃபின் எழுதப்பட்டபோது, “அது போதைப்பொருள் ஆயிற்றே, ஹராம் அல்லவா?” என்று ஒருவர் கேட்டார். மருத்துவர் அளவிட்டுத் தரும் வலிநிவாரணி, தேவையுள்ள நோயாளிக்கு ஆகுமானதே. வலியில் துடிக்கும் ஒருவருக்கு அதை மறுப்பது இபாதத் அன்று. நபி (ஸல்) அவர்கள் தம் கடைசி வேளையில் மிஸ்வாக்கை விரும்பியதும், ஆயிஷா (ரலி) அவர்கள் அதை மென்று மென்மையாக்கிக் கொடுத்ததும் நாம் அறிந்ததே. உம்மாவின் வாயை ஈரப் பஞ்சால் துடைத்துவிடும்போதெல்லாம் அது நினைவுக்கு வந்தது. ஹிஜ்ரி 1445 ரஜபு மாதத்தில் உம்மா ரப்பிடம் சேர்ந்தார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

ஒரு கைவிளக்கின் வெளிச்சம்

ஏப்ரலிலேயே பார்த்திருந்தால் உம்மா பிழைத்திருப்பார்களா? அஜல் அல்லாஹ்விடம் உள்ளது. அதில் நாம் நுழைய மாட்டோம். ஆனால் கட்டி சிறிதாக இருக்கும்போது அகற்றப்பட்டோருக்கு வாய்ப்புக் கூடுதல் என்பது மருத்துவம் அறிந்த உண்மை. நான்கு மாதங்களுக்கு மேலாக நாம் இழந்தோம் என்பதும் உண்மை. அதற்கு மறுமையில் பதில் சொல்ல வேண்டியிருக்குமே என்ற அச்சம் நமக்கு உண்டு.

பார்ப்பதால் பயன் உண்டா என்று ஐயுறுவோருக்கு நம் பக்கத்து மாவட்டமே சான்று. 1996இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 35 வயதைக் கடந்த சுமார் 1,92,000 பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. அவர்களில் ஒரு பாதியினரின் வீடுகளுக்கு, மருத்துவர் அல்லாத பயிற்சிபெற்ற பணியாளர்கள் சென்று வெளிச்சத்தில் வாயைப் பார்த்து, ஐயம் உள்ளோரை மருத்துவரிடம் அனுப்பினர். 2005இல் லான்செட்டில் முடிவு வந்தது. புகையிலையோ மதுவோ பழகியோரிடையே, பார்க்கப்பட்ட பகுதியில் வாய்ப்புற்று மரணம் 34 விழுக்காடு குறைந்திருந்தது. அது பரவலான வாய்ப்புற்றைப் பற்றிய ஆய்வு, மெலனோமாவைப் பற்றியதன்று. ஆயினும் அந்தப் பணியாளர்கள் கொண்டுசென்ற கண்ணும் வெளிச்சமும் எல்லா வீட்டிலும் இருப்பவையே.

ஆதலால் மாதத்துக்கு ஒருமுறை, ஒரு ஜும்ஆ நாளில், நகம் வெட்டிக் குளிக்கும் வேளையில் இதையும் செய்யுங்கள். பல்செட்டு இருந்தால் கழற்றுங்கள். கையைக் கழுவி, கண்ணாடி முன் நின்று கைபேசி விளக்கை ஏற்றுங்கள். உதடுகளை மடித்துப் பாருங்கள். இரு கன்னங்களின் உட்புறத்தையும், ஈறுகளின் முன்னும் பின்னும் பாருங்கள். நாவை நீட்டி இரு ஓரங்களையும், நாவை உயர்த்தி அடிப்பகுதியையும் பாருங்கள். தலையைப் பின்னே சாய்த்து மேலண்ணத்தைப் பாருங்கள். கழுத்தின் இருபுறமும் விரல்களால் தடவுங்கள். ஐந்து நிமிடம் போதும். முதியோருக்கு நீங்கள் பார்த்து விடுங்கள். தம் மேலண்ணத்தை அவர்களால் பார்க்க இயலாது. புதிதாக எதையேனும் கண்டால் பல் மருத்துவரிடமோ, காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ செல்லுங்கள். ஆசாரிபள்ளத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நம் மாவட்டத்தார் அனைவருக்கும் திறந்தே இருக்கிறது. இரு வாரத்தில் ஆறவில்லையென்றால், களிம்பு தந்தவரிடமே மீண்டும் சென்று, “துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டுமா?” என்று கேளுங்கள். நாம் கேட்காமல் விட்ட கேள்வி அது.

இப்போதும் தண்ணீர் ஓதி வாங்க நம்மிடம் வருவோர் உண்டு. ஓதிக் கொடுக்கிறோம். அதற்குமுன், “டாக்டரிடம் காட்டினீர்களா?” என்று கேட்கிறோம். வாய்ப்புண் என்று வருபவரை வெளிச்சத்துக்கு அழைத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறோம். சென்ற மாதம் இவ்வாறு வந்த ஒரு முதியவரின் கன்னத்தில் வெள்ளைத் திட்டு ஒன்றைக் கண்டு, தண்ணீர் பாட்டிலோடு அவர் மகனையும் சேர்த்து மருத்துவமனைக்கு அனுப்பினோம். அது புற்றாகும் முன்னரே கண்ட மாற்றம் என்றும், முறுக்கானை விட்டுவிட்டுத் தொடர்ந்து சோதித்துவந்தால் போதும் என்றும் சொன்னார்களாம். அவர் திரும்பி வந்து நம் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாமும் பேசாமல் நின்றோம்.

மதரஸாவில் மக்ரஜ் பாடம் தொடங்கும் நாளில் பிள்ளைகள் ஆளுக்கொரு சிறு கண்ணாடி கொண்டுவர வேண்டும் என்று விதித்திருக்கிறோம். ஜீம் பிறக்கும் இடத்தை நாவால் தொட்டுக் காட்டியபின், அதைக் கண்ணாலும் பார்க்கச் சொல்கிறோம். வீட்டுக்குப் போய் வாப்பும்மாவுக்கும் உம்மும்மாவுக்கும் பார்த்துச் சொல்லும்படி வீட்டுப்பாடமும் கொடுக்கிறோம்.

யா அல்லாஹ்! எங்கள் உம்மாவின் பிழைகளைப் பொறுத்து, அவர்களின் கப்ரை ஒளிமயமாக்குவாயாக! எங்கள் அலட்சியத்தை மன்னிப்பாயாக! நோயுற்ற எல்லோருக்கும் பூரண ஷிஃபாவையும், அவர்களைப் பார்த்துக்கொள்வோருக்குப் பொறுமையையும் தருவாயாக! நீ தந்த கண்களைக் கொண்டு நீ தந்த உடலைப் பேணும் நல்லறிவை எங்களுக்கு அருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.